இரும்புக்கை மட்டும் ஏன் மறையவில்லை?

ஆள் மறைகிறார். போட்டிருக்கும் கோட்டு, சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் அவரோடு சேர்ந்தே மறைகின்றன. வலது கை மட்டும் மறைவதில்லை. மணிக்கட்டோடு முடிந்துபோகும் ஓர் இரும்புக்கை காற்றில் மிதந்து வந்து எதிரியின் கழுத்தைப் பிடிக்கிறது. கை மட்டும் ஏன் தெரிகிறது? சட்டை எப்படி மறைந்தது? தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. கதைக்குள் தேடினால் முழுப் பதில் கிடைக்காது.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’, ‘இமயத்தில் மாயாவி’ என்று தொடர்ந்து வந்த புத்தகங்கள் ஒரு தலைமுறைச் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டன. ஆனால் மாயாவி பிறந்த ஊர் சிவகாசி இல்லை. 1962 அக்டோபர் 6-ல் பிரிட்டனில் வெளிவந்த ‘வேலியன்ட்’ வார இதழின் முதல் எண்ணிலேயே அவர் அறிமுகமாகிவிட்டார். தொடக்கத்தில் கதை எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர். பின்னால் டாம் டல்லி எழுதினார். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதையின் அடித்தளம் எளிமையானது. பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டேல், ஒரு விபத்தில் வலது கையை இழந்தவர். அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு விபத்தில் அவர் உடம்பில் பெரும் மின்சாரம் பாய்கிறது. சாகவேண்டியவர் சாகவில்லை, மறைந்துபோகிறார். சில மணி நேரம் கழித்து உருவம் திரும்பிவிடுகிறது. மறுபடி மறையவேண்டுமானால் மறுபடி கரண்டு வேண்டும். முதலில் அந்தச் சக்தியைத் தப்பான காரியங்களுக்குப் பயன்படுத்தும் கிராண்டேல், பிறகு மனம் திருந்தி, ‘நிழற்படை’ என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் போன்ற ஊர்களில் இந்தக் கதைக்குத் தனி ஈர்ப்பு இருந்திருக்கும். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர் அது. சுற்றிலும் கிணற்றுப் பாசனம், நெல், மல்லாட்டை. கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டகை. தகரக் கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச், பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள், கறுப்பேறிய ஸ்டார்ட்டர் பெட்டி. ஈரக் கையோடு கிட்டே போகாதே என்று பெரியவர்கள் விரட்டும் இடம் அது. த்ரீ பேஸ் கரண்டு ஆளை இழுத்தால் விடாது என்பது அந்தப் பக்கத்துச் சிறுவர்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே தெரியும். அப்படிப்பட்ட கரண்டை ஒரு மனிதன் தானாகப் போய்த் தொட்டு, சாகாமல் மறைகிறான் என்றால் வியப்பும் சந்தேகமும் ஒன்றாகத்தானே வரும்?

காமிக்ஸ் அந்த ஊர்களுக்கு வந்த வழிகள் குறைவு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக் கடை, விழுப்புரம் ஜங்ஷன், வாடகை நூல் நிலையம், பழைய புத்தகக் கடை. எந்த இதழ் கையில் கிடைக்கிறதோ அதுதான் முதல் கதை. மாயாவி உளவாளியாக நாட்டைக் காக்கும் புத்தகத்தை முதலில் படித்துவிட்டு, அவரே கொள்ளையடிக்கும் புத்தகத்தைப் பின்னால் படித்தவர்கள் ஏராளம். ‘நல்லவனா, கெட்டவனா?’ என்ற வாதம் இந்த வரிசை மாற்றத்தால் வந்தது. கதைகளை வெளியான வரிசையில் அடுக்கினால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். இரும்புக்கைக் கேள்வி அப்படித் தீராது.

முதலில் கரண்டு கணக்கைப் பார்த்துவிடலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நெஞ்சின் வழியாக ஒரு நொடி அளவுக்கு 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே தசை இறுகி, பிடித்த பிடியை விடமுடியாமல் போகலாம். வீட்டில் உயிர்காக்கப் பொருத்தும் கசிவு மின் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும்படி அமைக்கப்படுவது இதனால்தான். மாயாவியின் உடம்பு இந்த விதிக்குக் கட்டுப்படாதது என்று கதை சொல்லாமல் சொல்கிறது. முதல் விபத்தில் அவர் உடம்பே மாறிவிட்டது என்று ரசிகர்கள் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டார்கள். கதைக்கு அது போதும். படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லவேண்டியது வேறு: இரும்பு மின்சாரத்தைத் தடுக்காது, நேராக உடம்புக்குள் கடத்திவிடும். நிஜத்தில் இரும்புக்கை ஆபத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. மாயாவி கரண்டை உடம்பில் ‘ஏற்றிக்கொள்கிறார்’ என்றும், அது வடிய வடிய உருவம் திரும்புகிறது என்றும்தான் பெரும்பாலான வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். மனித உடம்பில் மின்னூட்டம் தங்கமுடியுமா? முடியும். நைலான் துணியை உரசிவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறதே, அது அப்படித் தங்கிய மின்னூட்டம்தான். ஆனால் உடம்பின் மின்தேக்கத் திறன் சுமார் 100 பிக்கோஃபாரட் மட்டுமே. 230 வோல்ட்டுக்கு அதில் தங்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஒரு ஜூலின் பத்து லட்சத்தில் சில பங்குகள்தான் தேறும். அதுவும் சில நொடிகளில் வடிந்துவிடும். போதாததற்கு, வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. ஏற்றியதை உடனே இறக்கிவிடும். ஆகவே ‘சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மாயாவி’ என்ற விளக்கம் நிற்காது.

நிற்கக்கூடிய விளக்கம் ஒன்று உண்டு. மின்சாரம் எரிபொருள் இல்லை, தூண்டுதல் மட்டுமே என்பது அது. உடம்பின் அணுக்களை அது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தள்ளிவிடுகிறது, பிறகு அவை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று வைத்துக்கொண்டால், மணிக்கணக்கில் மறைந்திருப்பதற்கும் ஒரு நியாயம் கிடைக்கிறது. பிளஸ் டூ இயற்பியல் படித்த ஒருவர் யோசித்தாலே இதை எட்டிவிடலாம். எழுத்தாளர் விட்ட இடத்தை வாசகர் தம் படிப்பால் நிரப்புகிறார். பழைய அறிவியல் கதைகளின் பெரிய பயன் இது என்றே சொல்லவேண்டும்.

சரி, கை?

ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போக என்ன வேண்டும் என்பதை 1897-லேயே எச். ஜி. வெல்ஸ் தம் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலில் பேசிவிட்டார். ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது வளைகிறது, பட்டுத் திரும்புகிறது, உறிஞ்சப்படுகிறது. இந்த மூன்றும் நடக்காவிட்டால் பொருள் தெரியாது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1. தண்ணீருக்கு 1.33. கண்ணாடிக்கு 1.5 அளவில். உடம்பின் எண்ணைக் காற்றின் எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஆள் மறைந்துவிடலாம் என்பது வெல்ஸின் யோசனை. இதன் ஒரு பகுதியைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே பார்க்கலாம். கிளிசரின் ஊற்றிய கிண்ணத்தில் பைரெக்ஸ் கண்ணாடிக் குச்சியை இறக்கினால், இறங்கிய பாகம் காணாமல் போகிறது. இரண்டுக்கும் எண் ஏறத்தாழ 1.47. எல்லை தெரியாததால் கண் ஏமாறுகிறது.

கிளிசரினில் கண்ணாடிக்குப் பதில் இரும்பு ஆணியைப் போட்டால்? மறையாது. எந்தத் திரவத்தில் போட்டாலும் மறையாது. உலோகத்துக்குள் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உலோகப் பளபளப்புக்குக் காரணமும் அதுதான். ஆக, தசையும் எலும்பும் நூலும் தோலும் மறையலாம், உலோகம் மட்டும் மறையாது என்றால் இயற்பியல் மாயாவியின் பக்கம்தான் நிற்கிறது. சட்டையும் ஷூவும் மறைவதும் இந்த விதிக்குள் அடங்கும். இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்று கேட்கலாம். வளர்ந்த மனிதர் உடம்பில் மூன்று நான்கு கிராம் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அது ஹீமோகுளோபின் போன்ற மூலக்கூறுகளுக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது. உலோகமாக இல்லை. எனவே அதுவும் மறையும்.

இவ்வளவு தூரம் வந்தபின்தான் உண்மையான ஓட்டை தெரிகிறது. இரும்பு மறையாது என்றால் பெல்ட்டின் பக்கிள் ஏன் மறைகிறது? பேன்ட் ஜிப்? கைக்கடிகாரம்? ஷூவின் அடியில் அடித்த ஆணி? பையில் இருக்கும் சில்லறை? விதிப்படி பார்த்தால் மாயாவி மறைந்ததும் கையோடு சேர்ந்து இவை எல்லாம் அந்தரத்தில் தொங்கவேண்டும். நம் ஊர்ப் பையன் ஒருவன் மாயாவி ஆனால் வெள்ளி அரைஞாண் தனியாகத் தெருவில் நடந்துபோகும். கதை இந்தப் பக்கமே திரும்பவில்லை. வெல்ஸ் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்து, தம் நாயகன் கிரிஃபினை உடை இல்லாமல் குளிரில் நடுங்கவைத்தார். அவன் தின்ற சோறு செரிக்கும்வரை வயிற்றில் தெரியும் என்றுகூட எழுதினார். மாயாவியைப் படைத்தவர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை.

கண் விஷயம் இதைவிடப் பெரியது. பார்க்கவேண்டுமானால் விழித்திரை ஒளியை உறிஞ்சவேண்டும். உறிஞ்சினால் அது பிறருக்குத் தெரியும். உறிஞ்சாவிட்டால் பார்வை கிடையாது. முழுக்க மறைந்த மனிதன் முழுக் குருடனாகத்தான் இருக்கமுடியும் என்பதை ரஷ்ய எழுத்தாளர் யாக்கவ் பெரெல்மான் விளக்கியிருக்கிறார். அவருடைய நூல் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கொண்டுவந்து விற்ற சோவியத் அறிவியல் நூல்களும் முத்து காமிக்ஸும் ஒரே காலத்தில் தமிழ் வீடுகளில் இருந்தவை. இரண்டையும் படித்த பிள்ளைக்கு, ஒன்றில் எழும் கேள்விக்கு மற்றொன்றில் பதில் இருந்தது. வெல்ஸுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்தது. நாவலில் ஒரு பூனையை மறையவைக்கும் சோதனை வருகிறது. பூனையின் உடம்பெல்லாம் போய்விடுகிறது. இரண்டு இடங்கள் மட்டும் பிடிவாதமாக நிற்கின்றன. ஒன்று, கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பும் படலம். மற்றொன்று, நகங்கள்.

மறையாத நகங்கள்! அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த இரும்புக்கைக்கு விதை அங்கே கிடக்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. புல்மர் அறிவியல் புனைகதையிலேயே ஊறியவர் என்பதால் வெல்ஸை அவர் படிக்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இதை நிரூபிக்க ஆவணம் தேவை, ஊகமாக வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய ஆய்வுகளும் பெரெல்மானின் பக்கமே பேசுகின்றன. 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர், லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானி ஜான் பென்ட்ரியின் கோட்பாட்டை வைத்து, ஒரு சிறு செம்பு உருளையை மைக்ரோ அலைகளின் ‘பார்வையிலிருந்து’ பெருமளவு மறைத்துக் காட்டினார்கள். அலைகளை உருளையைச் சுற்றி வளைத்து மறுபக்கம் அனுப்பும் உத்தி அது. அங்கே உலோகத்தையும் மறைக்கமுடிகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆனால் அலைகள் சுற்றிக்கொண்டு போய்விடுவதால் உள்ளே எதுவும் வராது. அப்படியொரு போர்வைக்குள் ஆள் நின்றால் அவருக்கு வெளியே எல்லாம் இருட்டு.

அப்படியானால் கை ஏன் தெரிந்தது என்ற கேள்விக்கு இயற்பியலுக்கு வெளியே ஒரு பதில் இருக்கிறது. அதுதான் சரியான பதிலும்கூட. இது படக்கதை. நாயகன் முழுக்க மறைந்துவிட்டால் ஓவியர் எதை வரைவார்? வெற்று அறையையும் பயந்த முகங்களையும் எத்தனை கட்டங்களுக்கு வரையமுடியும்? பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். விரல் கணுக்களில் மூட்டுகள், உலோகத்தின் மேல் ஒளி விழும் கீற்று, கை வளைந்து நிற்கும் கோணம். அந்தக் கையின் நிலையை வைத்தே மாயாவி நிற்கிறாரா, குனிகிறாரா, கோபத்தில் இருக்கிறாரா என்று வாசகர் தெரிந்துகொள்கிறார். முகமே இல்லாத நாயகனுக்கு அந்தக் கைதான் முகம். மறையாத கை எதிரிக்கும் துப்புக் கொடுப்பதால் ஆபத்தும் விறுவிறுப்பும் கூடின. அந்த ஒரே ஓட்டை இல்லாவிட்டால் தொடரே ஓடியிருக்காது.

வெளியான முறையையும் மறக்கக்கூடாது. ‘வேலியன்ட்’டில் வாரம் இரண்டு மூன்று பக்கங்கள்தான். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் மாயாவி எங்காவது மாட்டிக்கொள்ளவேண்டும், அடுத்த வாரம் தப்பிக்கவேண்டும். அவசரத்துக்கு ஒரு மின் கம்பி கிடைத்தாகவேண்டும். இரும்பு விரலில் புதுக் கருவி முளைத்தாகவேண்டும். போன மாதம் சொன்னதை இந்த மாதம் யாரும் சரிபார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை இவை. தமிழில் ஒரே புத்தகமாகக் கையில் எடுத்து, ஒரே மூச்சில் படித்து, பத்திரமாகப் பெட்டியில் வைத்து, பத்து முறை திரும்பப் படிக்கும் வாசகர்கள் வருவார்கள் என்று புல்மர் நினைத்தே பார்த்திருக்கமாட்டார். பிரிட்டனில் கவனிக்கப்படாத முரண்கள் இங்கே பளிச்சென்று தெரிந்ததற்குக் காரணம், நம் வாசகர்கள் அதிகமாக நேசித்துப் படித்ததுதான்.

இதே கண்ணோடு மற்ற நாயகர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர், குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகத் துடித்தவன், பின்னாளில் குற்றவாளிகளையே வேட்டையாடுகிறான். சதுரங்கக் கோட்டைக் காய் வடிவில் இருக்கும் காலயந்திரத்தில் ஏறிப்போகும் இரும்பு மனிதன் ஆர்ச்சிக்கு எங்கிருந்து சக்தி வருகிறது என்பதும் கேள்விதான். ஸ்பைடரின் கதைகளைப் பின்னாளில் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அவர் கைக்குப் போனபின் கதையின் நியாயம் இன்னும் தாராளமாகிவிட்டது.

இந்த வாதங்கள் திண்ணையிலும் வகுப்பறைக் கடைசி பெஞ்சிலும் தொடங்கி, வாசகர் கடிதப் பக்கங்களுக்கு ஏறின. லயன், முத்து இதழ்களின் ஆசிரியர் எஸ். விஜயன் வாசகர்களோடு நேராகப் பேசும் பழக்கத்தை வளர்த்தார். இப்போது ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்கள் கூடுகிறார்கள். அரை டவுசரில் மாயாவி படித்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். மாயாவிக்குத் திரும்பவும் நல்ல காலம். பிரிட்டனில் ரிபெலியன் நிறுவனம் 2021-ல் ஆரம்பகாலக் கதைகளை அழகிய தொகுப்பாகக் கொண்டுவந்தது. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படம் எடுக்கும் ஆசையைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2022-ல் முத்து காமிக்ஸ் பொன்விழாவைக் கண்டது.

கதைகள் பிழைத்துக்கொண்டன. அவற்றைச் சுற்றி நடந்த பேச்சு அவ்வளவு பாதுகாப்பாக இல்லை. பழைய இதழ்களின் கடிதப் பக்கங்கள், வாடகை நூல் நிலையப் பிரதிகளில் பையன்கள் பென்சிலால் கிறுக்கிய கேள்விகள், ‘சட்டை எப்படி மறையும்?’ என்று ஓரத்தில் எழுதிய வரிகள் எல்லாம் தமிழ்ச் சிறுவர்கள் அறிவியலோடு மல்லுக்கட்டியதற்குச் சான்று. ஓமந்தூர், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வீடுகளில் பரணில் பழைய முத்து காமிக்ஸ் கட்டு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். கடிதப் பக்கங்களையும் கிறுக்கல்களையும் போனிலாவது படம் எடுத்து வையுங்கள். வீட்டில் வைக்க இடம் இல்லை என்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். பழைய தமிழ் அச்சுப் பிரதிகளைத் திரட்டிப் பாதுகாக்கும் இடம் அது.